‘மக்வம்ப்’: ஒரு சொல்லின் வரலாறு

ஒரு கருமத்திலே இது செய்வோமோ அது செய்வோமோ என்று துணியமாட்டாது நிற்பவனைத் தமிழ் மக்கள் ‘மதில்மேற் பூனை’ என்பர். ‘இரு தோணியிற் கால் வைத்தவன்’ என்று கூறுவதும் உண்டு. ஐக்கிய அமெரிக்க நாட்டு ஆங்கிலத்திலே இத்தகையோனைக் குறித்தற்கு ‘மக்வம்ப்’ என்றொரு சொல் வழங்கி வந்துள்ளது. கேட்டவளவிலே நகைப்பை விளைக்கும் இச்சொல் ஆங்கிலேயர் தம் தாயகத்திலிருந்து கொண்டுசென்ற சொல்லன்று. கிரேக்கத்தையோ இலத்தீனையோ மூலமாக உடையதுமன்று. அகராதிகளிலே இதன் பொருளை நாடுவோர் மூன்று பொருள்களை ஒருங்கே காண்பர். பெருந்தலைவன் என்பது ஒன்று. கட்சிக் கட்டுப்பாட்டை மீறித் தன்வழி நிற்பவன் என்பது மற்றொன்று. எப்பக்கமும் சாராது தடுமாறுபவன் என்பது இன்னொன்று.

தலைவன் எனப்படுவோன் பிறர்க்காகவும் முடிவு செய்பவன். தடுமாறுவோனோ தனக்காகவேனும் முடிவு செய்யமாட்டாதவன். இவ்விருவரையும் ஒரே சொல் எங்ஙனம் சுட்டலாயிற்று என்பது மொழிநூலார்க்கு மட்டுமன்றி வரலாற்று மாணவர்க்கும் உரிய வினாவாகும். விடையின் பெரும்பகுதி 1884ஆம் ஆண்டிலே நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலிற் கிடக்கின்றது. ஆயின் சொல்லின் பிறப்போ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இங்கிலாந்தின் சமயக் கெடுபிடிகளைப் பொறாது அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த தூய்மைவாதிகள் மாசச்சூசெற்ஸ் குடாவை அடுத்துக் குடியேறினர். 1631இல் பொஸ்ரன் நகரை அடைந்த யோன் எலியற் என்பார் அவர்களுள் ஒருவர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே பயின்ற அவர், றொக்ஸ்பரி என்னும் ஊரிலே குருவாக அமர்ந்தார். அயலில் வாழ்ந்த ஆதிக்குடிகளுக்கு அவர்தம் மொழியிலேயே சமயம் போதிக்க விரும்பி, ஏறக்குறைய நாற்பது வயதை எட்டிய காலத்திலே அம்மொழியைக் கற்கத் தொடங்கினார். அவருக்கு முதலாசிரியனாக வாய்த்தவன், 1637இல் பெக்குவொற் குலத்தாருடன் ஆங்கிலேயர் புரிந்த போரிலே சிறைப்பட்ட கொக்கெனோ என்னும் இளைஞனாவான். 1646இல் எலியற் அம்மொழியிலே போதனை செய்யலானார். 1661இல் புதிய ஏற்பாடும், 1663இல் விவிலிய நூல் முழுவதும் அம்மொழியில் அச்சேறின. அமெரிக்கக் கண்டத்திலே முதன்முதலாக முழுமையாய் அச்சான விவிலியம் இதுவே. ஆங்கில விவிலியம் முழுவதும் அங்கு அச்சாவதற்கு 1782 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எழுத்துக் கோக்கும் பணியிலே நிப்மக் குலத்தவராகிய ஒருவர் உழைத்தார். தொழிலே பெயராகி, ‘அச்சுக்கார ஜேம்ஸ்’ என்று அவர் அழைக்கப்பட்டார்.

ஆதியாகமத்தின் 36ஆம் அதிகாரம் ஏசாவின் வழித்தோன்றல்களை வரிசைப்படுத்திக் கூறுவது. எலியற் கையாண்ட ஆங்கில விவிலியம் அவர்களை ‘டியூக்’ என்னும் பட்டத்தால் அழைக்கின்றது. மாசச்சூசெற்ஸ் கானகங்களிலே டியூக்குகள் எங்கிருந்து வருவர்? எனவே எலியற் அக்குலத்தாரிடையே வழங்கிய ‘மக்கொம்ப்’ என்னும் சொல்லை அவ்விடத்தில் இட்டார். அதன் ஈற்றிலுள்ள பகுதி ஆடவனைச் சுட்டும். முற்பகுதி பெருமையைக் குறிப்பதெனக் கொண்டு ‘பெரியோன்’ என்று பொருள் கூறினர் முன்னை ஆய்வாளர். அது பிறிதொரு நீண்ட சொல்லின் குறுக்கமெனக் கொண்டு ‘படைத்தலைவன்’ என்பர் பின்னையோர். எதனைக் கொள்ளினும் தடுமாற்றம் என்னும் கருத்துக்கு அங்கு இடமில்லை. போர்க்களத்திலே தயங்கி நிற்பவனை எந்தக் குலத்தாரும் படைத்தலைவன் என்று அழையார்.

இத்தகைய இடர் மொழிபெயர்ப்பாளர் யாவர்க்கும் நேர்வதே. எலியற்றின் காலத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் ஒருங்கிருந்து விவிலியத்தைத் தமிழாக்கிய காலத்தும் இதுபோன்ற பல சொற்கள் நிறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ‘டியூக்’ வரும் அவ்விடத்திலே தமிழ் விவிலியத்தில் ‘பிரபு’ என்னும் சொல் காணப்படுகின்றது. இலக்கியமும் நிகண்டும் நிறைந்த மொழியிலே தெரிந்தெடுப்பதற்குச் சொற்கள் பல உள. எலியற்றுக்கோ ஏடுமில்லை, நிகண்டுமில்லை. கொக்கெனோவும் அவன் பின்வந்த ஆதிக்குடித் துணைவரும் வாயாற் சொன்னதே அவர்க்கு ஆதாரம். ஆதலின் ‘மக்கொம்ப்’ என்னும் சொல் அம்மக்களின் வாழ்விலிருந்து நேரே எடுக்கப்பட்டது எனத் துணியலாம்.

அவ்வாழ்வு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1675இல், ஆங்கிலேயராற் பிலிப்பு மன்னன் எனப்பட்ட மெற்றாக்கொம் என்னும் தலைவனுக்கும் குடியேற்றத்தார்க்கும் பெரும்போர் மூண்டது. எலியற்றின் போதனையைக் கேட்டு மதம் மாறிய ஆதிக்குடிகளும் ஐயத்துக்கு ஆளாயினர். அவர்களுட் பல நூற்றுவர் பொஸ்ரன் துறைமுகத்தை அடுத்த மான் தீவிலே மாரிக்காலத்திற் சிறை வைக்கப்பட்டனர். பசியாலும் குளிராலும் பலர் மாண்டனர். விவிலியப் பிரதிகளும் பெருந்தொகையாக அழிந்தன. 1685இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்ததாயினும் அதனைப் படிக்க எஞ்சியிருந்தோர் சிலரே. தலைவர்கள் மறைந்தனர், தலைவரைச் சுட்டிய சொல் மாத்திரம் வென்றவர் வாயில் எஞ்சியது.

வென்றவர் வாயில் எஞ்சும் சொல் பழைய மதிப்போடு இருப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே நியூ இங்கிலாந்துப் பகுதியில் ‘மக்வம்ப்’ என உருத்திரிந்த இச்சொல் விளையாட்டுப் பட்டமாய் வழங்கிற்று. நம்மவர் ‘பெரிய மனிதர்’ என்பதைக் குரலைச் சற்று மாற்றி இகழ்ச்சிக் குறிப்பொடு கூறுவர் அல்லவா? அது போன்றதே இது. பொருள் தலைவன் என்பதே. ஆயின் தன்னைத் தானே தலைவனாக மதித்துக்கொள்பவன் என்பது உட்கிடை. அரசியற் பகைமைக்கு இத்தகைய சொல் பெரிதும் பயன்படும். அதனை எடுத்தாள ஒரு தருணமே வேண்டியிருந்தது.

அத்தருணம் 1884இல் வாய்த்தது. அதனை விளங்கிக்கொள்வதற்கு அந்நாட்டின் அக்கால உத்தியோக முறையை அறிதல் வேண்டும். தேர்தலில் வென்ற கட்சி, தபாலதிபர் முதற் சுங்கச்சாவடிச் சிற்றூழியர் ஈறாகப் பழைய உத்தியோகத்தரை நீக்கித் தன் ஆட்களை அமர்த்துவது நெடுநாள் வழக்கு. தகுதி ஆராயப்படுவதில்லை, தேர்தற் காலத்து ஊழியமே தகுதி. 1881இல் சனாதிபதி காபீல்ட் சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் உத்தியோகம் நாடி ஏமாற்றமடைந்தவன். அதன் விளைவாக 1883இல், பரீட்சை வாயிலாக ஒரு பகுதி உத்தியோகங்களுக்கு ஆட்களைத் தெரியும் சட்டம் இயற்றப்பட்டது. இச்சீர்திருத்தத்துக்காக ஆண்டுக்கணக்காய் உழைத்தோருட் பலர் குடியரசுக் கட்சியினர். அக்கட்சி ஆபிரகாம் லிங்கனின் கட்சி. அடிமை முறையை ஒழித்த கட்சி. 1860 தொடக்கம் சனாதிபதித் தேர்தல் ஒவ்வொன்றிலும் வெற்றி கண்ட கட்சி.

1884ஆம் ஆண்டு யூன் மாதத்திலே சிக்காகோ நகரிற் கூடிய அக்கட்சியின் மாநாடு, மெயின் மாநிலத்தவரான ஜேம்ஸ் பிளேயின் என்பாரை அபேட்சகராகத் தெரிந்தது. பிளேயின் பேராற்றல் படைத்தவர். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராயும் வெளிநாட்டு மந்திரியாயும் இருந்தவர். ஆயினும் சபாநாயகராயிருந்த காலத்திலே புகையிரதக் கம்பனியொன்றின் பத்திரங்களால் முறையற்ற ஆதாயம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டு 1876இலேயே எழுந்திருந்தது. அதற்குச் சான்றாகக் கூறப்பட்ட கடிதங்களைத் தாமே கைப்பற்றி, வேண்டிய பகுதிகளை மாத்திரம் சபையிலே வாசித்துக் காட்டி அப்போது தப்பினார். 1884இல் மேலும் சில கடிதங்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றிலே கடிதத்தைத் தீயிலிடுமாறு பெறுநருக்கு அவர் எழுதிய குறிப்பும் இருந்தது. குற்றமற்றவன் ஒருவன் தன் கடிதத்தை எரிக்கச் சொல்வானோ என்பதே பின்னர்த் தேர்தல் மேடைகளிற் பெரும்பேச்சாயிற்று.

கட்சியின் சீர்திருத்தப் பகுதியினர் பலர் அவரை ஏற்க மறுத்தனர். யேர்மனியிற் பிறந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தளபதியாயும் பின்னர் மந்திரியாயும் விளங்கிய காள் சூர்ஸ். ‘ஹாப்பேர்ஸ் வீக்லி’ என்னும் வார இதழின் ஆசிரியர் ஜோர்ஜ் வில்லியம் கேட்டிஸ். ‘நேஷன்’ இதழை நடத்திய கொட்கின். எழுத்தாளர் மார்க் துவெயின் முதலியோர் அவருட் குறிப்பிடத்தக்கவர். குடியரசுக் கட்சிக்கு யானைச் சின்னத்தைப் பிரபலமாக்கிய கேலிச்சித்திர ஓவியர் தோமஸ் நாஸ்ற்றும் அவரோடு சேர்ந்தார். இவர்கள் வெறுமனே ஒதுங்கியிருக்கவில்லை. எதிர்க்கட்சியாகிய சனநாயகக் கட்சியின் அபேட்சகரும் நியூ யோர்க் மாநில ஆளுநருமாகிய குரோவர் கிளீவ்லாந்தை வெளிப்படையாக ஆதரித்தனர். கிளீவ்லாந்து மணமாகாத காலத்திலே ஒரு பிள்ளைக்குத் தந்தையானார் என்னும் அவதூறு யூலை மாதத்தில் எழுந்தபோதும், அவர் உண்மையை மறைக்க முயலாமையைக் கண்டு, பலர் தம் நிலையினின்றும் பெயராதிருந்தனர்.

அக்காலத்திலே நியூ யோர்க் ‘சண்’ பத்திரிகையின் ஆசிரியராகிய சாள்ஸ் டேனா கையில் அப்பழைய சொல் அகப்பட்டது. கட்சியை விட்டுத் தம்மை நீதிமான்களாகக் காட்டிக்கொண்ட இவர்களை அவர் ‘மக்வம்ப்’ எனப் பரிகசித்தார். தலைவரென்று ஒருவராலும் தெரியப்படாத தலைவர்கள் என்பது கருத்து. ஏனைய பத்திரிகைகளும் அதனைப் பற்றிக்கொண்டன. ஆண்மையற்றோர், பரிசேயர் என்பன போன்ற வசைகளும் உடன் வழங்கின. டேனாவோ அத்தேர்தலிலே பிளேயினையும் ஆதரிக்கவில்லை, கிளீவ்லாந்தையும் ஆதரிக்கவில்லை. வெற்றிபெறும் வாய்ப்பே இல்லாத மூன்றாம் அபேட்சகராகிய பற்லர் என்பாரை ஆதரித்தார்! இரு பெருங்கட்சிகளுக்கும் இடையிலே உண்மையில் நின்றவர் வசைபாடியவரேயன்றி வசைபெற்றோர் அல்லர்.

தேர்தலின் முடிவு நியூ யோர்க் மாநிலத்தைப் பொறுத்திருந்தது. 11 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அளிக்கப்பட்ட அம்மாநிலத்திலே கிளீவ்லாந்து 1,200க்கும் குறைந்த வாக்குகளாற் பிளேயினை வென்றார். அதனால் தேர்வாளர் வாக்கு 219க்கு 182 என்றாகி, 1856க்குப் பின் முதன்முறையாகச் சனநாயகக் கட்சி சனாதிபதிப் பதவியை வென்றது. இவ்வெற்றி தம்மாலேயே விளைந்தது என மக்வம்ப்கள் பெருமை கொண்டனர். அது முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. ஒக்டோபர் 29ஆம் நாள் பிளேயினின் முன்னிலையிலே பேசிய பாதிரியார் ஒருவர் சனநாயகக் கட்சியைக் கத்தோலிக்க சமயத்தோடு சேர்த்து இழித்துரைத்தமையால், அம்மாநிலத்து ஐரிஷ் மக்கள் சினங்கொண்டனர். அன்றிரவே பிளேயின் பெருஞ்செல்வரோடு விருந்துண்டமை மறுநாட் பத்திரிகைகளில் ஏளனத்துக்கு இடமாயிற்று. மதுவிலக்குக் கட்சியும் குடியரசுக் கட்சியின் வாக்குகளிற் பல்லாயிரத்தைப் பிரித்தது. ஆயிரம் வாக்கால் முடிவு காணப்படும் தேர்தலிலே தம்மால் ஆயிற்று என்று யாரும் உரிமை கொண்டாடலாம். யாரையும் முற்றாக மறுக்கவும் இயலாது.

ஈண்டு நோக்கற்பாலது வெற்றி யாரால் விளைந்தது என்பதன்று. துணிவின்மை என்னும் குற்றம் இவர்க்குப் பொருந்துமா என்பதே. கட்சியை விட்டு நீங்குதல் அக்காலத்திலே எளிய காரியமன்று. உள்நாட்டுப் போரிலே மகனையோ சகோதரனையோ பறிகொடுத்த வட மாநிலக் குடும்பங்களுக்குக் குடியரசுக் கட்சி ஒரு சமயம் போன்றது. தெற்கின் கிளர்ச்சியாளரோடு எண்ணப்பட்ட எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பதென்றால் உறவும் நட்பும் பகைக்கும். மறுபுறத்தில், தியோடோர் றூஸ்வெல்ட், ஹென்றி கபற் லொட்ஜ் என்னும் இளைஞர் இருவர் சிக்காகோ மாநாட்டிலே பிளேயினை முழுமூச்சாய் எதிர்த்தனர். பின்னர் அவரையே ஆதரித்தனர். றூஸ்வெல்ட் 1901இற் சனாதிபதியானார். நிலைமாறிய அவரை எவரும் மக்வம்ப் எனவில்லை. நிலைமாறாதோரே அப்பெயர் பெற்றனர். கட்சி நோக்கிலே தடுமாற்றம் என்பது கருத்தை மாற்றுதலன்று, பக்கத்தை மாற்றுதலே போலும்.

அவ்வாறாயின் தடுமாறுவோன் என்னும் பொருள் எப்பொழுது ஏறியது? இகழ்ச்சிப் பெயரை மக்வம்ப்கள் தாமே விரும்பி அணிந்துகொண்டமையால், கட்சியைச் சாராதவன் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருளாயிற்று. கட்சியைச் சாராதவன் தேர்தல் தோறும் புதிதாக ஆராய வேண்டியவன். காள் சூர்ஸ் 1884இல் கிளீவ்லாந்தை ஆதரித்தார். 1896இல் வெள்ளி நாணயக் கொள்கையை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் மக்கின்லியை ஆதரித்தார். 1900இல் பிலிப்பைன் தீவுகளை அடிப்படுத்துதல் தகாது என்று, முன்னர் எதிர்த்த பிறையனையே ஆதரித்தார். ஒவ்வொரு முறையும் அவர் காட்டிய காரணம் தெளிவு. எடுத்த முடிவும் திண்ணியது. கட்சிக்காரன் கண்ணுக்கோ அவர் இங்குமங்கும் அலைபவராகவே தோன்றினார். ஆராய்பவனுக்கும் அலைபவனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண விரும்பாதவன் சொல்லிலும் அதனைக் காட்டான்.

இதன்மேல் ஒரு நகைச்சுவை விளக்கமும் எழுந்தது. ஆங்கிலக் கொச்சையில் ‘மக்’ என்பது முகம். ‘வம்ப்’ என்பது பின்புறத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லை நினைவூட்டுவது. ஆகவே வேலியின்மேல் அமர்ந்து முகத்தை ஒருபுறமும் பின்புறத்தை மறுபுறமும் வைத்திருக்கும் பறவையே மக்வம்ப் என்றனர். 20ஆம் நூற்றாண்டிலே அரசியல்வாதிகள் பலர் இதனைத் தம் சொந்தச் சரக்குப்போல் மேடைகளில் உரைத்தனர். சொற்பிறப்பு நூலார் இதனை ஒப்புக்கொள்ளார். ஆனாற் பொதுமக்கள் நாவிலே மூலத்தைக்காட்டிலும் வேடிக்கையே வலியது. தமிழரின் பூனையும் அமெரிக்கரின் பறவையும் ஏறியிருக்கும் இடம் ஒன்றே. எனினும் உவமையின் நோக்கு வேறு. மதில்மேற் பூனை எப்பக்கம் பாயும் என்பது காண்போர்க்குத் தெரியாது. பூனைக்குத் தெரிந்திருக்கவும் கூடும். வேலிமேற் பறவைக்கோ பாயும் எண்ணமே இல்லை. இங்கிலாந்திலே 2017இல் பொறிஸ் ஜோன்சன் எதிர்க்கட்சித் தலைவரை மக்வம்ப் என ஏசியபோது பலர் அகராதியைத் தேட நேர்ந்தது. அந்நாட்டு எழுத்தாளர் றோலிங் தம் மாயாசாலக் கதைகளிலே உலக மாந்திரிகர் அவையின் தலைவருக்கு இதனையே பட்டமாக்கினார். சிறுவர் கதையிலேனும் சொல் தன் பழைய ஆசனத்தை மீளப் பெற்றது.

மக்வம்ப்கள் துணிவற்றோர் அல்லர் என்பதனால் அவர் மாசற்றோர் எனவும் கொள்ளுதல் ஆகாது. அவருட் பெரும்பாலோர் பொஸ்ரன், நியூ யோர்க் நகரங்களின் கற்ற செல்வர். உத்தியோக ஊழலைக் கண்டு கொதித்த இவர்களுட் பலர், தென் மாநிலங்களிலே விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்குரிமையை இழந்து வந்தபோது அத்துணைக் கொதிப்பைக் காட்டவில்லை. கொட்கின் போன்றோர் அம்மக்களின் ஆட்சியுரிமையை வெளிப்படையாகவே ஐயுற்றனர். ஒரு தீமையைக் குறித்துத் திண்ணிய முடிவெடுத்தோர், அதனினும் பெரிய தீமையைக் குறித்து முடிவெடாமலே இருந்துவிட்டனர். தடுமாற்றம் என்னும் குற்றத்தை அவர்மேற் சுமத்த விரும்புவோர் 1884ஆம் ஆண்டை விட்டு இவ்விடத்தை நோக்குதலே முறை.

இன்னுமொன்று. 1887ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 8ஆம் நாள், அவர்கள் ஆதரவோடு பதவிக்கு வந்த கிளீவ்லாந்து, ஆதிக்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனிக் காணிகளாகப் பிரிக்கும் சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். அதனைக் கொண்டுவந்தவர் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து மேற்சபை உறுப்பினராகிய டோஸ் என்பார். சீர்திருத்தவாதிகள் அதனை ஆதிக்குடிகளுக்குச் செய்யும் நன்மை எனவே கருதினர். அவ்வாண்டிலே ஏறக்குறைய 1,380 இலட்சம் ஏக்கராயிருந்த ஆதிக்குடிகளின் நிலம் 1934 அளவில் ஏறக்குறைய 480 இலட்சம் ஏக்கராகச் சுருங்கியது. அச்சட்டம் நிறைவேறிய காலத்தில், ‘மக்கொம்ப்’ என்னும் சொல்லைத் தந்த மொழியைச் சரளமாகப் பேசுவோர் மாசச்சூசெற்சில் இல்லாதொழியும் நிலைமை ஏற்பட்டிருந்தது.

நூறாண்டுக்கு மேல் அம்மொழி பேசுவாரின்றிக் கிடந்தது. 1993இல் மாஷ்பி வம்பனோவாக் குலத்தவராகிய ஜெசி லிற்றில் டோ பெயாட் என்னும் பெண்மணி அதனை மீட்கும் முயற்சியைத் தொடங்கினார். மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே மொழியியல் பயின்று, பேராசிரியர் கெனத் ஹேல் என்பாரின் துணையோடு அதன் இலக்கணத்தை ஆராய்ந்தார். ஆதிக்குடிகள் தம் மொழியிலே எழுதிவைத்த காணி உறுதிகளும் கடிதங்களும் அவருக்கு உதவின. எல்லாவற்றினும் பெரிய துணையாயிருந்தது 1663இல் எலியற் அச்சிட்ட விவிலியமே. அவற்றைக் கொண்டு அகராதி தொகுக்கப்பட்டது, வகுப்புக்கள் நடைபெற்றன, பிள்ளைகள் அம்மொழியைப் பேசக் கற்றனர். அவ்விவிலியத்தின் ஆதியாகமம் 36ஆம் அதிகாரத்திலே அச்சொல் எலியற் இட்டவாறே நிற்கின்றது. அங்கு அதன் பொருள் தலைவன் என்பதே.